டூ-இன்-ஒன் பெட்டியில் பேட்டன்ட் எங்கே இருக்கிறது?

ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன் ஜாடையில் புளூடூத் ஸ்பீக்கர் செய்து விற்பது இப்போது நல்ல பிசினஸ். மதுரை புதூர் சிட்கோ பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், மொத்தப் பெட்டிக்கும் பேட்டன்ட் வேணும்" என்றார்.

மொத்தப் பெட்டிக்கெல்லாம் கிடைக்காது. வெளித்தோற்றம் டிசைன் சட்டத்தில் வரும், இந்தியாவில் அதற்கு அதிகபட்சம் 15 வருஷம்தான். எண்பதுகளில் வந்த முகப்புகளுக்கு இங்கே பதிவு இருந்திருந்தாலும் எப்போதோ காலாவதி, தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஊரறிந்த தோற்றம் என்பதால் அதை உங்கள் பெயரில் பதியவும் முடியாது. பழைய கம்பெனியின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள், டிரேட்மார்க்கைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சரி, பேட்டன்ட்? ஆந்த்ரேயாஸ் பாவெல் கதையைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். பிரேசிலில் வளர்ந்த ஜெர்மன்காரர். இடுப்பு பெல்ட்டில் மாட்டி ஹெட்போனில் ஸ்டீரியோ கேட்கும் கருவிக்கு 1977-ல் இத்தாலியில் விண்ணப்பித்தார். 1979-ல் சோனி வாக்மேன் வந்தது: தங்களுடைய பிரஸ்மேன் டேப் ரெக்கார்டரிலிருந்து பதிவு செய்யும் பாகத்தைக் கழற்றிவிட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை வைத்தார்கள், இரண்டு ஹெட்போன் சாக்கெட், அப்புறம் பாட்டைத் தணித்து இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஓர் ஆரஞ்சு பட்டன். ஜெர்மனியில் சில மாடல்களுக்குப் பாவெலுக்கு ராயல்டி கிடைத்தது. இங்கிலாந்திலோ 1996-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். கேசட் பிளேயர், ஹெட்போன் எல்லாமே ஏற்கெனவே இருந்தவை, தொழில் தெரிந்தவனுக்கு அவற்றைச் சேர்ப்பது தானாகவே தோன்றக்கூடியதுதான் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பல வருஷம் கழித்து கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது வேறு விஷயம்.

தம்பியின் பெட்டியிலும் ஸ்பீக்கர், போர்டு, பேட்டரி எல்லாம் கடைச் சரக்கு. ஆனால் கைப்பிடியை முன்னால் மடக்கினால் அது ஸ்டாண்டாக நிற்கிறது, அந்த மடிப்பிலேயே ஒரு சின்ன கேம் (cam, திரும்பும்போது அடுத்த பாகத்தைத் தள்ளும் துண்டு) திரும்பி பேட்டரி மூடியைப் பூட்டுகிறது. அதை அவர் ஒரு பொருட்டாகவே சொல்லவில்லை, நான்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை ஏற்கெனவே யாரும் செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற வாசகம், எழுத வேண்டியது இதைச் சுற்றித்தான்.

"சித்திரைப் பொருட்காட்சியில ஸ்டால் போட்டுட்டு அப்புறம் ஃபைல் பண்ணலாமா சார்?" என்றார். கூடவே கூடாது! விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டினால் அது புதுசு இல்லை என்று பேட்டன்ட் போய்விடும். கண்காட்சியில் வைத்தாலும் 12 மாதச் சலுகை உண்டு என்று சட்டம் சொல்வது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும்தான், தமுக்கத்தில் போடும் எல்லா ஸ்டாலுக்கும் இல்லை. இன்ஸ்டாவில் ரீல் போட்டாலும் அதே கதைதான், பிறகு அழித்தாலும் வெளியிட்டது வெளியிட்டதுதான்.

முதலில் ஒரு புரொவிஷனல் (தற்காலிக விண்ணப்பம்) போடுங்கள், சென்னை கிண்டிக்கு அலைய வேண்டாம், ஆன்லைனிலேயே முடியும். தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். விண்ணப்பத் தேதி கையில் வந்த பிறகு ஸ்டால் போடுங்கள், ரீலும் போடுங்கள்.