மறைத்து வைத்த பிளாக்: பிட்காயின் மைனர்களின் லாபக் கணக்கு

பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தின் பரிவர்த்தனைகள் பிளாக் எனப்படும் தொகுப்புகளாக, சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகின்றன. கணினிகளை ஓட்டி அவற்றைக் கண்டுபிடிப்பவர் மைனர். புதிய பிளாக்கைக் கண்டுபிடித்த மைனர் அதை உடனே அறிவிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு மட்டுமே. அறிவிக்காதவரைத் தண்டிக்க அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அறிவிக்கிறார்கள். 2024 ஏப்ரல் முதல் ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயினும் பரிவர்த்தனைக் கட்டணமும் கிடைக்கின்றன. தாமதிப்பதற்குள் வேறொருவரின் பிளாக் சங்கிலியில் ஏறிவிட்டால் அத்தனையும் போய்விடும். விதிப்படி நடப்பதே லாபம் என்று பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோவும் 2008-இல் எழுதினார்.

இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதை 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் இட்டாய் எயால், எமின் குன் சிரர் ஆகியோர் காட்டினர். மொத்தக் கணினித் திறனில் 40 சதவீதத்தை வைத்திருக்கும் ஒரு மைனிங் பூல் (பல மைனர்கள் திறனைச் சேர்த்து இயங்கும் குழு), தான் கண்டுபிடித்த பிளாக்கை வெளியிடாமல் அதன்மீதே அடுத்ததைத் தேடுகிறது என்று கொள்வோம். விஷயம் தெரியாத மற்றவர்கள் சங்கிலியின் பழைய நுனியிலேயே உழைத்துக்கொண்டிருப்பார்கள். பூலுக்கு இரண்டாவது பிளாக்கும் கிடைத்த பிறகு மற்றவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தால், பூல் தன் இரண்டு பிளாக்குகளையும் ஒன்றாக வெளியிடும். நீளமான சங்கிலியே செல்லுபடியாகும் என்பதால், மற்றவர்களின் பிளாக்கும் அதற்குச் செலவான மின்சாரமும் வீணாகும். கையில் ஒன்று மட்டும் இருக்கும்போது மற்றவர்கள் முந்தினால், அதை அவசரமாக வெளியிட்டுப் போட்டியில் இறங்கும். அதில் பூலே தோற்கவும் கூடும்.

பூலுக்கும் சில பிளாக்குகள் வீணாகின்றன என்றாலும், மற்றவர்களுக்கு வீணாவது அதைவிட அதிகம். இப்படிப்பட்ட போட்டிகளில் மற்றவர்கள் யாருமே பூலின் பக்கம் சேரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 40 சதவீதத் திறனுக்கு ஏறத்தாழ 48 சதவீதப் பரிசு கிடைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறன் இருந்தாலே இந்தச் சூழ்ச்சி பலிக்கும். மற்றவர்களில் பாதிப் பேர் பூலின் பிளாக்கை ஏற்றால் நான்கில் ஒரு பங்கே போதும்.

பல விளக்கங்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு: தொடக்கத்தில் இதனால் பூலுக்கு நஷ்டமே. ஒவ்வொரு 2016 பிளாக்குக்கும் ஒருமுறை, பிளாக்கைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்ற அளவான கடினநிலை மாற்றியமைக்கப்படுகிறது. வீணான பிளாக்குகளால் சங்கிலி மெதுவாக வளர்வதைக் கண்டு கடினநிலை குறைக்கப்பட்ட பிறகுதான் கூடுதல் பங்கு கூடுதல் வருமானமாகிறது. அதுவரை பொறுக்கப் பணமும் துணிவும் வேண்டும்.

2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற பூல் பாதித் திறனையே சிறிது நேரம் எட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் 40 சதவீதத்துக்குள் இருப்பதாக உறுதியளித்தது. பெரிய பூலும் இந்தச் சூழ்ச்சியில் இறங்கத் தயங்கக் காரணங்கள் உண்டு. பூலின் திறன் பெரும்பாலும் உறுப்பினர்களுடையது. அவர்கள் நினைத்தால் இயந்திரங்களை உடனே வேறு பூலுக்குத் திருப்பிவிடலாம். பரிசுக் காசையும் மேலும் 100 பிளாக்குகள் கடக்கும் வரை செலவழிக்க முடியாது. அதற்குள் நம்பிக்கை குலைந்து விலை சரிந்தால், வேறெதற்கும் உதவாத அந்த இயந்திரங்களும் மதிப்பிழக்கும்.

சிறிய நாணயங்களில் இந்தத் தளை இல்லை. 2020 ஆகஸ்டில், ஒரே காசை இருமுறை செலவழிப்பதற்காக எத்தீரியம் கிளாசிக் என்ற நாணயத்தைத் தாக்கியவர்கள் வாடகைக்கு எடுத்த கணினித் திறனைப் பயன்படுத்தினர். அந்த நாணயத்தின் விலை என்னவானாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அதன்பின் சில கிரிப்டோ சந்தைகள், அந்த நாணயத்தின் வைப்புகளை ஏற்பதற்குமுன் காத்திருக்க வேண்டிய பிளாக்குகளின் எண்ணிக்கையைப் பல மடங்கு உயர்த்தின.