லாக் பின் ஓட்டையில் வெல்டிங் குச்சி

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணை வெட்டிக் கிளறும் ரொட்டவேட்டர், இந்தப் பருவத்தில் என் பட்டறைக்கு வந்ததில் இது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே நோய்.

போன வாரம் வந்ததில், டிராக்டர் இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் வில்லாக வளைந்திருந்தது. ஷாஃப்டின் மூட்டான கிராஸ் உடைந்து சிதறிவிட்டது. கருவியின் தலையை டிராக்டரோடு இணைக்கும் மேல் கையான டாப் லிங்க் முழுக்க வெட்டுத் தழும்பு. டாப் லிங்கைக் கருவியோடு பிணைக்கும் பின் எங்கோ வயல் சேற்றுக்குள் கிடக்கிறது. அந்தப் பின் கழன்றுவிடாமல் அதன் நுனி ஓட்டையில் லாக்காக என்ன போட்டிருந்தாய் என்று கேட்டேன். ஓட்டி வந்த தம்பி, கருவியை அடியில் பிணைக்கும் இரண்டு கைகளில் இடப்பக்கக் கீழ்க் கையைக் காட்டினான். "இதே மாதிரி ஒண்ணுதாண்ணே." அங்கே வளைத்து மாட்டிய வெல்டிங் குச்சி ஒன்று, இன்னும் சேறு காயாமல், தொங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். தொளி உழவு, அதாவது நீர் கட்டிய சேற்று உழவு. வரப்போரம் வந்ததும் பி.டி.ஓ.வை நிறுத்தாமலே கருவியைத் தூக்கியிருக்கிறான். குச்சி முறிந்து எப்போதோ விழுந்திருக்க வேண்டும். தூக்கிய நேரத்தில் பின் நழுவியது. ரொட்டவேட்டர் பின்பக்கமாகச் சாய்ந்தது, பிடி விட்ட டாப் லிங்க் சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்டின் மேல் விழுந்தது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது முறை அடி விழும். எல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கை நீட்டினால் தொடும் தூரத்தில். கிளட்சை மிதித்துவிட்டான், பிழைத்தான்.

"எடை அவ்வளவு இருக்குறப்ப பின்னு எங்கண்ணே போகப் போவுது? இழுவையே பிடிச்சுக்காதா?"

இந்தக் கேள்வியை இருபது வருடமாகக் கேட்கிறேன். ஓட்டுநர் கேட்பார், வண்டியின் சொந்தக்காரரான வண்டிக்காரர் கேட்பார், நன்றாகப் படித்துவிட்டு விவசாயத்துக்கு வந்த பிள்ளைகளும் கேட்பார்கள். ஆகவே இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

இழுவை எப்போதும் ஒரே பக்கம் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அப்படி இருப்பதில்லை. ஒன்பது கொத்துக் கலப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கொத்து இறங்கி இழுபடும்போது மண் அடிப்பக்கத்தைப் பின்னால் பிடிக்கும், கலப்பையின் தலை முன்னால் சாய்ந்து டாப் லிங்கைத் தள்ளும். வரப்போரம் கலப்பையைத் தூக்கினால் அதே டாப் லிங்க் பின்னால் இழுபடும். ஒரு வயலுக்கு எத்தனை திருப்பம் போடுகிறீர்கள்? அத்தனை முறையும் தள்ளல் இழுப்பாகிறது, இழுப்பு தள்ளலாகிறது. ஒன்று மற்றொன்றாக மாறும் அந்தக் கணத்தில் பின்னின் மேல் எந்தப் பளுவும் இல்லை. பளு இல்லாத பின் உருளும், நழுவும். ஒவ்வொரு முறையும் ஒரு நூல் அளவு நகர்ந்தாலே போதும்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. டாப் லிங்க், இரண்டு கீழ்க் கை என மூன்று இடத்தில் கருவியைப் பிணைக்கும் ஹாரி பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்தது. டாப் லிங்கில் வரும் தள்ளலைக் கொண்டுதான் அந்த ஹைட்ராலிக் உழவு ஆழத்தைத் தானாகச் சரிசெய்தது. தள்ளல் கூடியும் குறைந்தும் வரும் என்பதுதான் அதன் அடிப்படையே.

ரொட்டவேட்டருக்கு வாருங்கள். அதில் இழுவை என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. பிளேடுகள் சக்கரம் உருளும் திசையிலேயே சுற்றி மண்ணை வெட்டுவதால் கருவி டிராக்டரை முன்னால் தள்ளும். கெட்டித் தரையில் ஓட்டியவர்களுக்கு அந்த உந்தல் தெரியும். பிறகு எந்த இழுவை பின்னைப் பிடித்துக்கொள்ளப் போகிறது? போதாததற்கு, திரும்பும்போது கருவி பக்கவாட்டில் ஆடி, கீழ்க் கையின் நுனியில் பின் நுழையும் குண்டுப் பகுதியைப் பின்னின் நுனி நோக்கித் தள்ளும். கைகள் ஆடாமல் பிடிக்கும் பக்கச் செயின் தொளதொளவென்று கிடந்தால் இன்னும் மோசம். அந்தத் தள்ளலைத் தடுத்து நிற்க அங்கே இருப்பது லாக் பின் ஒன்றுதான். பத்து மில்லிக்கு மேல் உள்ள அந்த ஓட்டையில் மூன்று மில்லி வெல்டிங் குச்சியைச் சொருகிவிட்டு, இழுவை பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள்.

என் தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். மாட்டைப் பூட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் போய்க் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். எட்டிப் பார்ப்பது இல்லை, தொட்டுப் பார்ப்பது. ஐம்பது குதிரைத்திறன் வண்டியை ஓட்டுகிறவருக்கு அது வேண்டாமாம்.

சரி, செய்ய வேண்டியது. ஆணி, கட்டுக்கம்பி, டி.எம்.டி. கம்பித் துண்டு, ஸ்க்ரூ டிரைவர் (ஆமாம், அதையும் பார்த்திருக்கிறேன்), எதுவும் லாக் ஆகாது. பின்னுக்குப் பதில் போல்ட் போடுவதையும் விடுங்கள். போல்டின் மரை குண்டின் ஓட்டைக்குள் அரம் போல ராவும், முறிகிறதும் அந்த மரைப் பள்ளத்தில்தான். அளவு பார்த்து வாங்குங்கள். இணைப்பின் அளவு வகை கேட்டகரி 1 என்றால் கீழ்ப் பின் 22 மில்லி, டாப் லிங்க் பின் 19. கேட்டகரி 2 என்றால் 28, 25. பெரிய ஓட்டைக்குச் சின்னப் பின்னைப் போட வேண்டி வந்தால் நடுவில் இடைவெளியை நிரப்பும் குழாயான புஷ் போடாமல் மாட்டாதீர்கள். கடகடவென்று ஆடும் பின் தன் லாக்கைத் தானே அடித்து உடைத்துவிடும். பின்னில் நகம் மாட்டுகிற அளவுக்குத் தேய்ந்த பள்ளம் இருந்தால் பழைய இரும்பில் போடுங்கள்.

லாக் பின்னை மேலிருந்து கீழாகச் சொருகுங்கள், அதன் தலையில் உள்ள ஸ்பிரிங் வளையம் திறந்துகொண்டாலும் சட்டென்று விழாது. வளையத்தை மறுபக்கம் திருப்பும்போது 'டக்' என்று விழ வேண்டும். சத்தமில்லாமல் தளர்வாகப் படுத்தால் ஸ்பிரிங் போய்விட்டது, அதைத் தூக்கிப் போடுங்கள். அறுத்த தாளடியில் ஓட்டுகிறவர்களுக்கு வைக்கோல் வளையத்தைக் கோதி எழுப்பிவிடும். சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை அறுத்து வளையத்தின் மேல் சுற்றிவிட்டால் போதும். கழற்றும்போது சேற்றில் தொலைகிறதா? சின்னச் செயினில் கோத்து இணைப்புக் கையிலேயே தொங்கவிடுங்கள். டூல் பாக்ஸில் நாலு உபரி கிடக்கட்டும். ஒன்றின் விலை டீயும் வடையும் ஆகிற காசுதான்.

மாட்டிய பிறகு இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கருவியைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வையும் இன்ஜினையும் நிறுத்திவிட்டு. ஓடுகிற வண்டியில் எட்டிப் பார்ப்பதற்குப் பார்க்காமல் இருப்பதே மேல். டிரெய்லர் என்றால் பின்னை மேலிருந்து போட்டு, அடியில் லாக், கூடவே ஒரு பாதுகாப்புச் செயின்.

வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிக்கணக்கு வாடகையில் ஓட்டுநர் இறங்கி நிற்கும் ஐந்து நிமிடத்துக்கும் முகம் சுளித்தால், அவர் வெல்டிங் குச்சிதான் போடுவார். அவரைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து வயலைச் சுற்றிக் காட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த டாப் லிங்க் விழுந்த இடம் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான்.

அந்த ரொட்டவேட்டர் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. நேற்று அதன் சொந்தக்காரர் போன் செய்து ஷாஃப்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். லாக் பின் நாலு வாங்கி வைத்துவிட்டீர்களா என்று நான் கேட்டேன்.

"மொதல்ல ஷாஃப்ட் வரட்டும்ணே."