குண்டு துளைக்காத உடை எப்படி வேலை செய்கிறது?

9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டின் எடை சுமார் 8 கிராம். ஏ.கே. 47 குண்டும் கிட்டத்தட்ட அதே 8 கிராம்தான். ஆனால் காவலர்கள் சட்டைக்குள் அணியும் துணிக்கவசம் முதல் குண்டை நிறுத்திவிடும், இரண்டாவதிடம் தோற்றுவிடும். வேகம்தான் முக்கியக் காரணம். முதல் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 370 மீட்டர் வேகத்தில் வருகிறது, அடுத்தது 700 மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால் ஒன்றில் சுமார் 550 ஜூல், மற்றதில் 2,000 ஜூல்.

துணிக்கவசம் என்றதும் நினைவுக்கு வருவது கெவ்லர் என்ற செயற்கை இழை. 1965-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர், கார் டயருக்கு ஏற்ற எடை குறைந்த, வலுவான இழையைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த கரைசல் மோர் மாதிரி கலங்கலாக, நீர்த்துப்போய் இருந்தது. அதை நூற்றுத் தரச் சொன்னபோது, இயந்திரத்தின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று அதன் பொறுப்பாளர் முதலில் தயங்கினார். குவோலெக் விடவில்லை. கெவ்லருக்கு வழி பிறந்தது. அந்தப் பிடிவாதம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்த இழையில் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குண்டு பட்டதும் இழை இழுபடுகிறது. அந்த இழுவிசை, குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் இழை நெடுகப் பரவி, பக்கத்து இழைகளையும் பின்னால் உள்ள அடுக்குகளையும் வேலைக்கு இழுக்கிறது. குண்டும் இதற்கு உதவுகிறது! கைத்துப்பாக்கிக் குண்டுகள் பெரும்பாலும் தாமிர உறை போட்ட ஈயம். மோதியதும் நசுங்கி அகலமாகிவிடும். அகலமான குண்டை எதிர்க்க அதிக இழைகள் சேர்ந்துகொள்ளும். நுனியில் குழியுள்ள குண்டு உடலுக்குள் விரிந்து பெரிய காயத்தை ஏற்படுத்தக்கூடியது, ஆனால் கவசத்தின் முன் அந்த மென்மையே அதற்குப் பலவீனம்.

குண்டு நின்றுவிட்டது, சரி. ஆள் தப்பித்தாரா? அது தனிக் கேள்வி. கவசம் உட்புறமாகக் குழிந்து விலா எலும்பை உடைக்கலாம், உள்ளுறுப்பைக் காயப்படுத்தலாம். அதனால்தான் அமெரிக்க தேசிய நீதி நிறுவனத்தின் சோதனையில் கவசத்துக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுடுகிறார்கள். குண்டு துளைக்காவிட்டாலும், களிமண்ணில் விழும் பள்ளம் 44 மி.மீ. ஆழத்தைத் தாண்டக்கூடாது.

ரைபிள் குண்டுக்கு வேறு உத்தி வேண்டும். வேகத்தோடு கூர்நுனியும் சேர்கிறது. சிலவற்றின் உள்ளே உருக்கு இருப்பதால் எளிதில் நசுங்காது. இங்கே பீங்கான் தகடு கைகொடுக்கிறது. அலுமினா, போரான் கார்பைடு போன்றவை உருக்கைவிடக் கடினமானவை. போரான் கார்பைடின் அடர்த்தியோ உருக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மோதலில் குண்டின் நுனி நொறுங்குகிறது, தேய்கிறது. தகடும் கூம்பு வடிவில் உடைந்து, அடியை அகலமாகப் பின்னால் தள்ளுகிறது. அங்கே காத்திருக்கும் இழை அடுக்கு சிதறல்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தகடு உடைந்த இடத்திலேயே இன்னொரு குண்டு பட்டால் ஆபத்துதான்.

கவசத்துக்கு முதுமையும் உண்டு. கெவ்லரைவிட வலுவானது என்று கொண்டாடப்பட்ட ஸைலான் இழைக் கவசம் 2003-இல் பென்சில்வேனியாவில் ஒரு காவலர் சுடப்பட்டபோது துளைபட்டது. ஈரப்பதத்திலும் வெளிச்சத்திலும் அந்த இழை நலிவது ஆய்வுகளில் தெரியவர, 2005-இல் ஸைலான் கவசங்கள் தகுதி இழந்தன. என் பார்வையில், கவச வரலாற்றின் முக்கியமான பாடம் இதுதான். 2008-இல் வந்த அமெரிக்கத் தரவிதி, துணிக்கவசங்களை 10 நாள் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் உருட்டிப் புரட்டிவிட்டு, அப்புறம் சுட்டுப் பார்க்கச் சொன்னது.