உம்லவுட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஜெர்மானியச் சாயலில் ஒரு மொழியைக் கற்பனையாக உருவாக்குபவர்கள், அதற்குப் பழைய கட்டம், இடைக்காலக் கட்டம் என்று ஒரு வரலாற்றையும் சேர்த்தே புனைவதுண்டு. அப்படிப் புனையும்போது சீக்கிரமே ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்தக் கட்டம் உம்லவுட்டுக்கு, அதாவது பின்னால் வரும் உயிரின் தாக்கத்தால் முன்னுள்ள உயிர் மாறும் ஒலி மாற்றத்துக்கு, முந்தையதா, பிந்தையதா?

பலருக்கு உம்லவுட் என்றால் ஜெர்மன் எழுத்தின் தலையில் இருக்கும் இரண்டு புள்ளிகள்தான். ஆனால் அந்தப் புள்ளிகள் பிறகு வந்தவை. எழுத்தின் மேல் குட்டியாக எழுதிய ‘எ’ தேய்ந்து புள்ளியானது. சொல் குறிப்பது அந்த ஒலி மாற்றத்தை. ‘உம்’ என்றால் சுற்றி, மாற்றி. ‘லவுட்’ என்றால் ஒலி. இன்றைய இலக்கணப் பொருளை இதற்குத் தந்தவர் யாக்கோப் கிரிம், 1819இல். ஆமாம், தேவதைக் கதைகளைத் திரட்டிய அதே கிரிம்தான்.

ஆங்கிலத்தில் ‘ஃபுட்’ என்பதன் பன்மை ஏன் ‘ஃபீட்’? ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றின் பொதுத் தாய்மொழியான மூல ஜெர்மானியத்தில் பாதம் ‘ஃபோட்ஸ்’, பாதங்கள் ‘ஃபோடிஸ்’ என்று மீட்டுருவாக்குகிறார்கள். பின்னால் வரப்போகும் இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே நகர்ந்துவிட்டது. ஓகாரம் மெல்ல ஏகாரமானது. அப்புறம் அந்த இகரமே உதிர்ந்தது. திரிய வைத்தவன் கெட்டான், திரிபு மட்டும் தங்கியது. பழைய ஆங்கிலத்தின் ‘ஃபேட்’ பிற்பாடு ‘ஃபீட்’ ஆயிற்று. நான்காம் நூற்றாண்டில் பைபிள் பெயர்க்கப்பட்ட கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் இந்த மாற்றம் இல்லை. அங்கே விருந்தினர்கள் ‘கஸ்தீஸ்’. இன்றைய ஜெர்மனில் ‘கெஸ்ட’. முந்தைய கட்டத்தைப் புனைபவருக்கு கோத்திக் நல்ல மாதிரி.

அகரத்தாலும் உம்லவுட் உண்டு. தங்கத்துக்கான மூல ஜெர்மானியச் சொல்லில் இருந்தது உகரம். பின்னால் வந்த அகரம் அதை ஒகரமாக்க, ‘கோல்ட்’ வந்தது. அதற்கு முன்பே சொல்லைக் கடன் வாங்கிய ஃபின்னிஷ் இன்றும் ‘குல்தா’ என்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு நம் வீட்டுப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. குடம் ‘கொடம்’ ஆகிறது, இலை ‘எலை’ ஆகிறது; குடியும் கிளியும் அப்படியே இருக்கின்றன. பின்னால் அகரமோ ஐகாரமோ வந்தால்தான் முன்னுயிர் இறங்குகிறது. ஜெர்மானியத்தோடு உறவு ஏதுமில்லை, வாய் செய்யும் வேலை ஒன்றுதான்.

தமிழில் ‘உயிர்த்திரிபு’ என்பேன். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் புணர்ச்சிக்குச் சொன்னதில் நடுவிலுள்ளதை இங்கே இழுத்துக்கொள்கிறேன். ‘உயிரிசைவு’ வேண்டாம், அது துருக்கிய மொழியில் விகுதியின் உயிர் பகுதிக்கு ஏற்ப மாறுவதற்குப் பொருந்தும். புள்ளிகளை வெறுமனே ‘இரட்டைப்புள்ளி’ என்றால் போதும். ‘சிங்’, ‘சாங்’, ‘சங்’ என்று ஆங்கில வினையில் உயிர் மாறுவது இதுவல்ல. அங்கே பின்னுயிர் எதுவும் காரணமில்லை. அதன் பெயர் ‘அப்லவுட்’, அதற்கு வேறு சொல் வேண்டும்.