பெயரை முதலில் சொல்லிப் பாருங்கள்

நாலு வயதுப் பையன். பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். வீட்டு மொழியிலேயே, "உன் பேர் என்ன கண்ணா?" என்று கேட்டேன். அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "எந்தப் பேர்?" என்றான்.

நான் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நாடு விட்டு நாடு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அந்தப் பையனுக்கு நாக்கிலும் காதிலும் ஒரு குறையும் இல்லை. பாட்டி கூப்பிடுவது ஒரு பெயர், சான்றிதழில் இருப்பது இன்னொன்று, ஆசிரியைக்கு வாயில் வரவில்லை என்று வகுப்பில் வெட்டிச் சுருக்கியது மூன்றாவது. எதற்குத் திரும்பிப் பார்ப்பது, எதைத் தன் பெயராகச் சொல்வது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

பிறக்கப் போகும் குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர் என்னிடம் யோசனை கேட்டால், பொருளைப் பார்க்கும் முன் ஒலியைப் பாருங்கள் என்கிறேன். நாலரை மாதக் குழந்தை மற்ற பெயர்களைவிடத் தன் பெயரை அதிக நேரம் கவனித்துக் கேட்கிறது என்று 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பேச்சு வருவதற்கு எத்தனையோ மாதம் முன்பே இது நடந்துவிடுகிறது. அந்த வயதில் அதன் காதில் விழுவது வீட்டில் கூப்பிடும் பெயர்தான். அதனால் சான்றிதழில் எழுதப் போகும் பெயரையே வீட்டிலும் கூப்பிட முடியுமா என்று பாருங்கள். செல்லப் பெயர் இருக்கட்டும். ஆனால் தன் முழுப் பெயரைப் பள்ளியில்தான் முதன்முதலாகக் கேட்கிறேன் என்ற நிலை ஒரு பிள்ளைக்கும் வர வேண்டாம்.

பெயரை மூன்று வாய்களில் வைத்துப் பாருங்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி, இங்கே வகுப்பெடுக்கப் போகும் ஆசிரியை, பிறகு குழந்தை. மாயா, நீனா, சாரா, ஆதம் போன்ற பெயர்கள் பல மொழிகளில் தடங்கலின்றி வருவதால்தான் புலம்பெயர்ந்தோர் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகின்றன. ம, ந, ப போன்ற ஒலிகள் குழந்தைக்கும் சீக்கிரம் வரும். ரகரம் தாமதமாகத்தான் வரும். மூன்று வயதில் தன் பெயரிலுள்ள ரகரத்தைச் சொல்லவில்லை என்று பதறி ஓடிவர வேண்டாம்.

இதற்காக ழகரம் உள்ள பெயரை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒதுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆசிரியைக்கு ஏன் அந்த ஒலி வரவில்லை? கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் ட-வையும் த-வையும் பிரித்துக் கேட்டார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வேறுபாடு காதில் விழவில்லை. ஆக, ஆசிரியைக்கு முதலில் காதே பிரித்துக் கேட்பதில்லை. பிறகு நாக்கு எப்படி வளையும்? அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. பயிற்சி கொடுத்தால் பெரியவர்களின் காதும் பழகும். முயன்று பார்க்காமல் பெயரைச் சுருக்குவதுதான் தவறு.

அதைவிட என்னை வருத்துவது பெற்றோர் சொல்லும் ஒரு வாக்கியம். "பரவாயில்லை மேடம், உங்களுக்கு எப்படி வருதோ அப்படியே கூப்பிடுங்க." மரியாதைக்காகத்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பையனின் அம்மாவும் இப்படித்தான் சொல்லியிருந்தார். பெயரை மெதுவாக, அசை அசையாகச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து ஆசிரியைக்கு அனுப்பச் சொன்னேன். இரண்டு வாரம் தினமும் காலையில் ஆசிரியை அவனைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகினார். முழுதாகச் சரியாகவில்லை, ஒரு நெடில் குறிலாகவே நின்றது. பையன் திருத்தத் தொடங்கினான். வகுப்பில் அவன் பேசிய முதல் வார்த்தை அந்தத் திருத்தம்தான்.

"நாளைக்கு வேலை கிடைக்குமா?" என்ற கேள்வியை நான் தட்டிக்கழிப்பதில்லை. டொரண்டோவில் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில், இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக அழைப்பு வந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் அழைக்காதவர்கள்தான். இருந்தாலும் இதை எடைபோட்டு எளிய பெயர் வைக்கும் தம்பதியைக் கோழைகள் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒன்று மட்டும் கேட்பேன்: மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவுகோலா? லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்பானிய வழிக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, மகன்களைவிட மகள்களுக்கே ஆங்கிலப் பெயர் அதிகம் வைத்திருந்தது தெரிந்தது. குடும்பத்தின் பெயரைச் சுமப்பவன் மகன் என்ற எண்ணம் நம்மை அறியாமல் இங்கேயும் நுழைந்துவிடுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, எழுத்துக்கூட்டல். உச்சரிப்பை எந்த வயதிலும் திருத்தலாம். ஆவணத்தில் ஏறிய எழுத்தை மாற்றுவது பெரும்பாடு. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் பெயருக்கு இருப்பது 39 இடம், ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் மட்டும். நெடிலைக் காட்டும் மேற்கோடு அங்கே ஏறாது. குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லாதவர்கள், படிவத்தில் அதற்கான கட்டத்தில் எதை எழுதுவது என்று பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவெடுங்கள். பிறகு ஒரு தாளில் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, இருவரும் சரிபார்த்து, மருத்துவமனைப் பையில் வைத்துவிடுங்கள். பிரசவ அசதியில் யாரோ ஒரு ஊழியர் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்ள, அதுவே சான்றிதழில் நிலைத்துப்போன பிள்ளைகள் என்னிடம் மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.