பனைமரத்தைப் பார்த்துப் பறவைக்குப் பெயர் வைக்காதீர்கள்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்து பட்டியல்களைச் சரிபார்க்க உட்கார்ந்தால் ஒவ்வோர் ஆண்டும் இதே குழப்பம். பனந்தோப்பில் எடுத்த படம், கீழே 'பனை உழவாரன்' என்ற பெயர். (உழவாரன் என்பது பறந்தபடியே பூச்சி பிடிக்கும் சிறு பறவை, ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட்.) படத்தில் இருப்பதோ பளிச்சென்ற வெள்ளைப் பிட்டத்தோடு நாட்டு உழவாரன்! அடுத்த பட்டியலில் கோபுரத்தைச் சுற்றியவை எல்லாமே நாட்டு உழவாரன், நடுவே பறந்த பனை உழவாரன்களையும் சேர்த்து.

பனை உழவாரன் பனையில் கூடுதான் கட்டுகிறது, இரை தேடுவது வானத்தில். நாட்டு உழவாரன் கூடு கட்டுவது மண்டபக் கூரையிலும் பாலத்தின் அடிப்புறத்திலும். அதுவும் இரைக்கு வருவது அதே வானத்துக்குத்தான். மழை விட்டு ஈசல் கிளம்பினால், ஏரிக்கு மேல் பூச்சி திரண்டால், இரண்டும் கலந்தே சுற்றும். தகைவிலான்களும் (ஆங்கிலத்தில் ஸ்வாலோ, பெரும்பாலும் பிளந்த வாலுள்ள வேறு வகைப் பறவை) வந்து சேர்ந்துகொள்ளும். கூட்டத்தில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மொத்த எண்ணிக்கையையும் அதன் பெயரில் எழுதினால் அந்தப் பட்டியல் எதற்கும் உதவாது.

முதலில் பிட்டத்தைப் பாருங்கள். நாட்டு உழவாரன் கருப்பு. தொண்டை வெள்ளை, வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளை பக்கவாட்டிலும் சற்று இறங்கியிருக்கும். ஆனால் நேர் தலைக்கு மேலே பறக்கும்போது அது கண்ணில் படாமல் போகலாம். படவில்லை என்பதற்காகப் பனை உழவாரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பறவை சரிந்து திரும்பும்வரை தொலைநோக்கியை இறக்காமல் தொடருங்கள், சில நொடிதான் ஆகும். பனை உழவாரன் உடல் முழுக்க மங்கிய பழுப்பு. வெள்ளைப் பட்டை கிடையாது.

அடுத்தது வால். நாட்டு உழவாரனுக்குக் குட்டை வால், நுனி நேராக முடியும், விரித்தால் ஓரம் வளையும். பனை உழவாரனின் வால் நீண்டு, ஆழமாகப் பிளந்தது. ஆனால் நேராகப் பறக்கையில் பெரும்பாலும் வாலை மூடியே வைத்திருக்கும், கூரான ஒற்றை முனைதான் தெரியும். திரும்பும்போதுதான் பிளவு விரியும். 'பிளவு இல்லை, ஆகவே பனை உழவாரன் இல்லை' என்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பிளவைக் கண்டதும் 'தகைவிலான்' என்று எழுதுவது இதைவிடப் பெரிய தொல்லை. இறக்கையைப் பாருங்கள். உழவாரனின் இறக்கை அரிவாளாக வளைந்து, விறைப்பாக இருக்கும். தகைவிலான் இறக்கையை நன்றாக மடக்கி மடக்கி அடித்துப் பறக்கும், மின்கம்பியில் வரிசையாக உட்காரும். இந்த இரண்டு உழவாரன்களும் கம்பியில் உட்காரவே உட்காரா. அவற்றின் கால்கள் சுவரையோ ஓலையையோ பற்றித் தொங்குவதற்கானவை. (கொண்டை உழவாரன் இலையற்ற கிளையில் உட்காரும், ஆனால் அது வேறு குடும்பம்.) கம்பியில் இருக்கும் பறவைக்கு உழவாரன் என்று பெயர் போட்டுப் பதிவேற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அந்தி வெளிச்சத்தில் நிறம் தெரியாது. அப்போது உருவம்தான் துணை: நாட்டு உழவாரன் கட்டுக்குட்டு, இறக்கை அகலம். பனை உழவாரன் ஒல்லி, இறக்கை குறுகல், படபடப்பு வேகம். அப்படியும் தெளிவில்லையா? 'உழவாரன், இனம் தெரியவில்லை' என்று போடுங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை.

பறவைப் பட்டியல்களைப் பதிவேற்றும் இ-பேர்ட் இணையதளத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய கையேடுகள் நம் நாட்டு உழவாரனை 'ஹவுஸ் ஸ்விஃப்ட்' என்றன. இன்று அந்தப் பெயர் இமயமலை, வடகிழக்கு, தென்கிழக்கு ஆசியப் பக்கத்துப் பறவைக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது 'லிட்டில் ஸ்விஃப்ட்'.

பனையேறும் அண்ணன்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பனை உழவாரன் தன் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஓலையின் அடிப்புறத்தில் ஒட்டித்தான் கூடு வைக்கிறது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. காவோலை கழிக்கும் முன் கீழே நின்று சற்று நேரம் அண்ணாந்து பாருங்கள். பறவை விருட்டென்று ஓலைக்குள் நுழைந்து வெளியேறினால், குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்த ஓலையை மட்டும் விட்டுவையுங்கள். கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர்களும் அப்படியே: உத்தர இடுக்கில் இறகும் புல்லும் உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தால் அது குப்பை அல்ல, நாட்டு உழவாரன் கூடு. உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கும்போது சுரண்டாதீர்கள்.