மௌஸ் தானாக நகர்ந்த இரவு

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையில் டெக்னீஷியனாக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரவு ஷிஃப்ட், மணி இரண்டு இருக்குமாம். அவர்கள் லைனில் இருக்கும் கணினியில் மௌஸ் குறி தானாக நகர்ந்து, ஒரு மெனுவைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. மறுநாள் அந்த மேசையில் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டார்கள். "காத்து கறுப்பு இல்லைன்னு தெரியும் ஐயா, ஆனா வேற என்னன்னு தெரியல" என்கிறார்.

பழம் வைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். பயந்த மனிதர், தெரிந்ததைச் செய்தார். ஆனால் பழத்தை வைத்ததோடு எல்லோரும் நிம்மதியாக வேலைக்குத் திரும்பினார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் இதே காட்சியை 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மின் விநியோக ஊழியர்கள் கண்ணால் பார்த்தார்கள். திரையில் குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனது; பிரேக்கர் திறந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும். சுமார் 30 துணை மின்நிலையங்கள் அணைந்தன. ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்குச் சில மணி நேரம் மின்சாரம் இல்லை. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு நேரில் போய், கையாலேயே பிரேக்கர்களை மூடித்தான் மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மௌஸை நகர்த்துவது பெரும்பாலும் தொலை அணுகல் மென்பொருள்தான், அதாவது தூரத்தில் இருப்பவர் இங்குள்ள கணினியை இயக்க உதவும் மென்பொருள். டீம்வியூவர், எனிடெஸ்க் என்று நம் எல்லோருக்கும் தெரிந்தவை. இயந்திரம் விற்ற வெண்டர் வெளிநாட்டில் இருப்பார், பழுது இங்கே இருக்கும். விமானம் ஏறி வருவதைவிட இது மலிவு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இது இல்லாமல் பல இடங்களில் வேலையே ஓடியிருக்காது.

சரி, ஆலைக்கு ஃபயர்வால் இருக்கிறதே, அதைத் தாண்டி எப்படி உள்ளே வருகிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்திருக்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து யார் வந்தாலும் நிறுத்துவார், பெயர் கேட்பார். உள்ளே குடியிருப்பவர் வெளியே போனால் கேட்கமாட்டார். போனவர் திரும்பி வந்தால், முகம் நினைவிருப்பதால் விட்டுவிடுவார். ஃபயர்வாலும் ரௌட்டரும் வழக்கமாக அப்படித்தான். உள்ளே இருக்கும் கணினி ஒன்று வெளியே பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். அதற்கு வரும் பதிலை மட்டும் உள்ளே விடும்.

தொலை அணுகல் மென்பொருள் இந்த வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. ஆலைக் கணினியில் அது ஓடத் தொடங்கியதும், தானே வெளியே போய்த் தன் நிறுவனத்தின் சர்வரைப் பிடித்துக்கொள்கிறது. வங்கி இணையதளத்துக்குப் போகும் அதே 443-ஆம் போர்ட் வழியாகப் போக முடியும் என்பதால் யாரும் தடுப்பதில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் ரௌட்டர் அந்தக் குறிப்பை அழித்துவிடும். அதனால் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு சின்னஞ்சிறு பொட்டலம் அனுப்பி, 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கே ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருக்கும் வெண்டரும் தன் பக்கத்திலிருந்து அதே சர்வருக்கு வெளியே போகிறார். சர்வர் இரண்டு முனையையும் முடிச்சுப் போடுகிறது. இரண்டு ஜாகாக்களின் கணக்கிலும் உள்ளே வந்தவர் எவருமில்லை, வெளியே போனவர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் மற்றவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்! எவ்வளவு அழகான ஏற்பாடு.

வெண்டருக்குப் பதில் திருடன் வந்தாலும் இதே ஏற்பாடுதான் வேலை செய்யும். அவன் சுவரை உடைக்க வேண்டியதில்லை. உள்ளே ஒருவர் அந்த மென்பொருளை ஒருமுறை ஓட்டினால் போதும், அல்லது பழைய கடவுச்சொல் ஒன்று கையில் கிடைத்தால் போதும். 2018-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இப்படி ஒன்றை வெளியிட்டார்கள். ரஷ்யாவில் குறைந்தது 400 தொழில் நிறுவனங்களுக்கு, விலைப்பட்டியல், பில் போன்ற வேடத்தில் மின்னஞ்சல் போயிருக்கிறது. இணைப்பைத் திறந்தால் உண்மையான டீம்வியூவரோ, ஆர்.எம்.எஸ். என்ற இன்னொரு மென்பொருளோ சத்தமில்லாமல் அமர்ந்துகொள்ளும். அதன் ஜன்னல் திரையில் தெரியாமலிருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். விண்டோஸில் ஒரு நிரல் தனக்கு வேண்டிய துணைக் கோப்பைப் பெரும்பாலும் முதலில் தன் சொந்த ஃபோல்டரில்தான் தேடும். அங்கே அதே பெயரில் ஒரு போலிக் கோப்பைப் போட்டுவைத்தார்கள். முதன்மை நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்து அப்படியே செல்லும். ஆன்டிவைரஸ் எதைப் பிடிக்கும்?

உள்ளே வந்தபின் தடை குறைவு. ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினிகளான பி.எல்.சி.க்கள் பேசும் மொழிகளில் ஒன்றான மோட்பஸ் 1979-இல் பிறந்தது. 'நீ யார்' என்று கேட்கும் பழக்கம் அந்த மூல மொழியில் இல்லை. 2021 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் ஊரில், குடிநீரில் சேர்க்கும் காஸ்டிக் சோடாவின் அளவு 100-லிருந்து 11,100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஆக மாற்றப்பட்டது. மௌஸ் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் உடனே பழைய அளவுக்குத் திருப்பினார். அது வெளியாள் வேலையா, ஊழியரின் கைத்தவறா என்ற சந்தேகம் பின்னாளில் எழுந்தது. ஆனால் அங்கே எல்லாக் கணினிக்கும் தொலை அணுகலுக்கு ஒரே கடவுச்சொல்தான் இருந்தது.

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகம், தாக்குதல்களைச் சோதித்துப் பழகவே ஒரு சிறிய நீர் சுத்திகரிப்பு நிலையத்தை 2015-இல் கட்டியது. உண்மையான பம்பு, உண்மையான பி.எல்.சி. நம் பிள்ளைகளும் தொட்டுப் பழக அப்படிப்பட்ட கூடங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். சைபர் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26 முதல் மலேசியாவில் நடப்பில் இருக்கிறது, நல்லது. ஆனால் சட்டம் மட்டும் இரவு இரண்டு மணிக்கு லைனில் நிற்காது, பழகிய டெக்னீஷியன்தான் நிற்பார்.

வாசகருக்குத் தொலைபேசியில் இதையே சொன்னேன். எஞ்சினியரைக் கூட வைத்துக்கொண்டு, திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் என்னென்ன சின்னங்கள் இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். தொலை அணுகல் மென்பொருளின் சின்னம் ஒன்று இருந்தது. நிறுவிய தேதி 2020 ஏப்ரல். அந்த வெண்டரோடு ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடமாம். அப்புறம் அதன் பதிவுக் கோப்பைத் திறந்தார்கள்: அன்றிரவு 2.07-க்கு ஓர் இணைப்பு, நான்கு நிமிடம். இணைந்தவரின் அடையாள எண்ணும் அந்த வரியிலேயே இருக்கிறது. அது யாருடையது என்று எஞ்சினியர் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.